பெரிய சனிக்கு மூன்று நாள் முன்

எங்கள் குளத்துக்கு இறங்கும் கருங்கல் படிகள் பதினொன்று. நான் மேலிருந்து எண்ணுகிறேன். முதல் படி நனைந்தால் குளம் நிறைந்துவிட்டது என்று பொருள். பதினொன்றாம் படியும் காய்ந்துவிட்டால் அதற்குக் கீழே முட்டளவு தண்ணீரும் சேறும்தான். தினமும் காலை ஆறு மணிக்குப் போய், தண்ணீர், எங்கள் பேச்சில் வெள்ளம், எந்தப் படியைத் தொடுகிறது என்று பார்த்து நோட்டில் எழுதுவேன். நெய்யாற்றின்கரை தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எழுதினேன். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து ஒரு நாளும் விட்டதில்லை. மழை எப்போது தொடங்கியது, எத்தனை நேரம் பெய்தது, அயனிப் பலா எப்போது காய்த்தது, கிணறுகளில் முதலில் வற்றியது எது என்பதெல்லாம் அதில் உண்டு.

குளம் இருப்பது பாறசாலைக்குக் கிழக்கே, பனச்சமூடு போகும் சாலையிலிருந்து இறங்கினால் வரும் ஏலாவின், அதாவது பள்ளத்து வயல்வெளியின், நடுவில். ஏலாவில் இப்போது நெல் கிடையாது. வாழையும் மரச்சீனிக் கிழங்கும்தான். இரண்டு பக்கச் சரிவிலும் ரப்பர். குளத்தைச் சுற்றி ஐம்பத்தெட்டு வீடுகள். மிஷன் சபையைச் சேர்ந்த எங்களைப் போன்றவர்கள் பாதி, மீதி இந்து வீடுகளும் சில லத்தீன் கத்தோலிக்க வீடுகளும். எல்லாருக்கும் பொதுவாக ஒரு கமிட்டி உண்டு; அதன் நோட்டை எழுதுவதும் நான்தான். ஒவ்வொரு வருஷமும் மீன்குஞ்சு விட்டு வளர்த்து, ஈஸ்டருக்கு முந்தின நாளான பெரிய சனியன்று வலை போடுவோம். பாதி மீன் வளர்த்தவருக்கு. மறுபாதி வீட்டுக்கு ஒரு பங்கு. ஞாயிறு மத்தியானம் ஐம்பத்தெட்டு வீட்டிலும் ஒரே மீன் வேகும்.

பெரிய சனிக்கு முன்னால் வலையோ தூண்டிலோ குளத்தில் விழக்கூடாது என்பது விதி. அதை எழுதியது நான்தான். ஒரு வருஷம் அப்போது மீன் வளர்த்தவர்கள் முன்கூட்டியே வலை போட்டு, விடிவதற்குள் டெம்போவில் ஏற்றி பனச்சமூடு சந்தைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வீடுகளுக்கு வால்கூடக் கிடைக்கவில்லை. அதைத் தொடர்ந்து அடிதடி. அதற்குப் பிறகு எழுதிய விதி அது. என் கையெழுத்தில், கமிட்டி நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

விதி எழுதிச் சில வருஷம் கழித்துக் குளத்தை எடுத்தவர் பொழியூர் கடற்கரையிலிருந்து வந்தவர். நாற்பத்தெட்டு வயது. பரம்பரையாகக் கடல்வேலை. ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் வள்ளம் கவிழ்ந்து அவருடைய தம்பி இறந்த பிறகு, அவர் மனைவி வீட்டுச் சாமான்களைத் தானே மூட்டை கட்டி, கடல் இரைச்சல் கேட்காத இடம் தேடி, எங்கள் குளத்தின் வடகரையில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்தார். குளத்தைத் தன் கணவருக்குத் தர வேண்டும் என்று என் வீட்டு வாசலில் வந்து கேட்டவரும் அவர்தான்.

"சாரே, இவரு இனி கடலுக்கு போவாம இருக்கணும். எனக்கு அது மட்டும் போதும். மீனில்லாத வேலை ஒண்ணும் இவருக்கு அறியாது. குளம் உண்டுன்னா கரையில இருப்பாரு. இல்லேண்ணா திரும்பவும் வள்ளத்துல கேறுவாரு."

கமிட்டி ஒரு வருஷத்துக்குக் கொடுத்துப் பார்த்தது. முதல் அறுவடை நன்றாக நடந்தது. இரண்டாவதும் ஒழுங்காக நடந்தால் ஐந்து வருஷத்துக்கு அவர் பேரிலேயே எழுதிவிடலாம் என்று எல்லாரும் சம்மதித்தோம். அதையும் நான்தான் எழுதினேன்.

அந்த இரண்டாவது கோடைதான் நான் சொல்ல வந்தது.

கும்பத்தில், அதாவது மாசியில், ஒரு மழைகூட இல்லை. பங்குனிக்கு நாங்கள் சொல்லும் மீனம் பிறந்தபோது தண்ணீர் ஏழாம் படியில். கால்வாயின் கடைக்கோடியில் இருப்பதால் எங்களுக்கு அந்தத் தண்ணீரும் வந்து சேரவில்லை. உச்சிவேளையில் வெளிவேலை கூடாது என்று அரசு உத்தரவு போட்டிருந்தது. போனில் நாள் தவறாமல் வெப்ப எச்சரிக்கை வந்தது. ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். வாழைகள் குலையோடு ஒடிந்து விழுந்தன. தார்ச்சாலையில் சைக்கிள் ஸ்டாண்டு புதைந்தது.

ஈஸ்டருக்குப் பதினான்கு நாள் முன்னால் வந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து, கரையிலிருந்த அயனி மரத்தடியில் கமிட்டி கூடியது. பெரிய சனிக்கு யார் வலை பிடிப்பது, யார் பங்கு வைப்பது என்று வழக்கமாகப் பேசும் கூட்டம். அவர் கடைசியில் நின்றிருந்தார். பேச்சு முடியும் நேரத்தில் முன்னால் வந்தார்.

"சாரே, வெள்ளம் ஒன்பதாம் படியில நிக்குது. விடியக்காலத்த மீனு எல்லாம் மேல வந்து வாய் பொளக்குது. சனி வரைக்கும் கெடக்காது. நாளைக்கே வலை போடணும்."

கமிட்டித் தலைவர் என் பள்ளித் தோழன். பனச்சமூட்டில் ரப்பர் ஷீட் கடை வைத்திருப்பவன். அவன் சிரித்தான்.

"அது தீனிக்கு வாறதாக்கும். நீரு கடல்ல மீனப் பிடிச்சிருக்கீரு. வளத்து பழக்கமில்ல."

"கடல்ல மீனுக்கு வாயே கெடையாதோ என்னமோ" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். சிரிப்பு எழுந்தது.

அவர் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. "தீனிக்கு வாற மீனு கை தட்டுனா ஓடும். இது ஓடல்ல. நான் தட்டிப் பாத்தேன்."

அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாமே இருந்தது. வெயிலில் சுட்ட தண்ணீரில் பிராணவாயு குறையும், விடியும் முன்னால் அது மிகக் குறைந்திருக்கும், அப்போது மீன் மூச்சுக்காக மேலே வரும் என்றெல்லாம் புத்தகங்களில் நான் படித்திருக்கிறேன். எங்களில் பலர் அந்தக் காலை நேரத்தில் நடக்கப் போகும்போது, பாவம் பசிக்கிறது என்று தவிடும் கடலைப் பிண்ணாக்கும் பழைய ரொட்டியும் வீசிக்கொண்டிருந்தோம். தின்னாத தீனி அடியில் அழுகி, இருந்த மூச்சையும் குடித்தது. நானும் வீசியவன். இதை அன்று யாரும் கோத்துப் பார்க்கவில்லை.

தலைவன் என் பக்கம் திரும்பினான். "எலே, உன் நோட்டுல என்னலே கெடக்கு? எந்த வருஷமாவது சனிக்கு வெள்ளம் இல்லாம போச்சா?"

பக்கங்களைப் புரட்டினேன். ஒவ்வொரு வருஷத்துப் பெரிய சனியின் படி எண்ணையும் ஒன்றின்கீழ் ஒன்றாகத் தனியாகவே எழுதி வைத்திருந்தேன். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. "இல்ல. ஒரு வருஷம் எட்டாம் படி. அதுதான் ரெம்பக் கொறவு" என்றேன்.

"பின்ன என்ன? நாள மாத்துனா டெம்போ வந்த கததான் திரும்பவும். அம்பத்தெட்டு வீட்டுக்கும் நீயா பதில் சொல்லுவ?"

கமிட்டி நோட்டில் எழுதினேன்: வழக்கம்போல் பெரிய சனி. கூட்டம் கலைந்தது. அவர் கேட்டதை எழுதவில்லை. நிராகரித்த கோரிக்கைகளை எழுதும் பழக்கம் எங்கள் நோட்டில் இல்லை. முடிவை மட்டும்தான் எழுதுவோம்.

அதற்குப் பிறகு அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. குளத்தின் ஒரு மூலையில் மூங்கில் நட்டு, தென்னோலை கட்டி நிழல் போட்டார். பம்பு வைத்துக் குளத்துத் தண்ணீரையே எடுத்து, குழாயில் துளையிட்டுத் திரும்பக் குளத்திலேயே தூவினார். விடியும் முன்னால் அந்த எஞ்சின் சத்தத்தில்தான் ஒரு வாரம் நாங்கள் கண்விழித்தோம். தூக்கம் கெடுகிறது என்று சிலர் என்னிடம் முறையிட்டார்கள். வடகரையில் ஒரு வாழைத்தோட்டத்துச் சிமெண்டுத் தொட்டி உண்டு. அதைக் கிணற்றிலிருந்து நிரப்பி வைத்தார். எதற்கு என்று கேட்டேன். "சும்மா இருக்கட்டும் சாரே" என்றார்.

விஷு, அதாவது சித்திரை முதல் நாள், திங்கட்கிழமை வந்தது. காலையில் நோட்டைத் திறந்து, மேடம் ஒன்று, பத்தாம் படி, என்று எழுதினேன். முந்தின வருஷத்துப் பக்கத்தைப் புரட்டினேன். போன வருஷம் மீன் பிடித்தது மீனத்தின் நடுவில். அதற்கும் முந்தின பக்கங்களைப் பார்த்தேன். ஈஸ்டர் அலைகிற தேதி. பங்குனியிலும் வரும், சித்திரையிலும் வரும். ஏறத்தாழ ஒரு மாதம் முன்பின் ஆகும். இது எனக்குத் தெரியாததல்ல. எந்த வருஷம் எந்தத் தேதி என்று கேட்டால் மனப்பாடமாகச் சொல்வேன். ஆனாலும் எல்லாப் பெரிய சனியும் ஒரே நாள் என்பது போல ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதி, அதைப் பார்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன். எட்டாம் படி என்று நான் சொன்ன வருஷம் ஈஸ்டர் விஷுவுக்கு மூன்று வாரம் முன்னால் வந்திருந்தது.

தலைவனுக்குப் போன் செய்தேன்.

"இண்ணைக்கு விஷுலே. இனி அஞ்சு நாளு. நீ சும்மா கெட" என்றான்.

நான் சும்மா கிடந்தேன்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு வழக்கம்போல் போனேன். எஞ்சின் சத்தம் கேட்கவில்லை. தண்ணீர் பதினொன்றாம் படியை விட்டு இறங்கியிருந்தது. பம்பின் குழாய் சேற்றை உறிஞ்சி அடைத்துப்போயிருந்தது. குளம் வெள்ளையாக இருந்தது. கட்லாக்கள்தான் முதலில் செத்திருந்தன, பெரியவை, வயிறு மேலாக. ரோகுகள் வாயை நீருக்கு மேல் நீட்டியபடி அசையாமல் நின்றன. நான் கை தட்டினேன். ஒன்றுகூட நகரவில்லை.

அவர் தண்ணீருக்குள் நின்றிருந்தார். உயிரோடிருந்தவற்றைக் கைவலையில் கோரி அலுமினிய அண்டாவில் போட்டு, சேற்றில் மிதித்துக் கரையேறி, சிமெண்டுத் தொட்டியில் விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்.

ஆட்கள் வந்தார்கள். படிக்கட்டில் நின்றார்கள். இறங்கவில்லை. அவரவர் வீட்டில் வலையும் கூடையும் உண்டு. ஆனால் பெரிய சனிக்கு முன் குளத்தில் வலை விழக்கூடாதே. இறங்கினால் நாளைக்கு யாராவது, மீனுக்காக இறங்கினான் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். "சாரே, எறங்கலாமா?" என்று என்னிடம் கேட்டார்கள். நான் தலைவனைக் கூப்பிட்டேன். அவன் ஒவ்வொரு உறுப்பினராகக் கூப்பிட்டான். எல்லாரும் சம்மதித்து அவன் என்னைத் திரும்ப அழைத்தபோது ஒன்பது மணி கழிந்திருந்தது. அந்த மூன்று மணி நேரமும் மீன்கள் எங்கள் கண் முன்னால் ஒவ்வொன்றாகப் புரண்டன.

ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். பத்தரைக்கெல்லாம் ஏறிவிட்டார்கள். தலை சுற்றுகிறது என்றார்கள். குளத்தின் நடுவில் அவர் மட்டும் இருந்தார். நான் அயனி மரத்தடியில் குடையும் விரித்து, செத்த மீன்களை எண்ணத் தொடங்கினேன். நூறு கடந்ததும் விட்டுவிட்டேன்.

பதினொரு மணிக்கு அவர் மனைவி தூக்குவாளியில் கஞ்சித்தண்ணீர் கொண்டு வந்தார். "கேறி வாருங்க, ஒரு வாய் குடிச்சிட்டு போங்க" என்று கரையிலிருந்து கூப்பிட்டார். அவர் கையை மட்டும் அசைத்தார். மனைவி என்னைப் பார்த்தார். "சாரு ஒண்ணு சொல்லுங்க. இவரு காலத்த இருந்து வெயிலிலயாக்கும் நிக்காரு."

"வெள்ளத்துலதான நிக்காரு. வெயிலு ஒண்ணும் செய்யாது" என்றேன்.

எங்கள் பக்கத்தில் எல்லாரும் நம்புவது அது. வயலில் நிற்கிறவனுக்கு வெயில் அடிக்கும், தண்ணீரில் நிற்கிறவனுக்கு அடிக்காது. சொல்லிவிட்டு நான் கடைசிப் படிக்குக் கீழே இறங்கிக் காலை நனைத்தேன். குளிக்க விளாவி வைத்த வெந்நீர் போல இருந்தது. அப்போதும் என் நாக்கு நான் சொன்னதைத் திருத்திச் சொல்லவில்லை.

பன்னிரண்டு மணி இருக்கும். அவர் முதுகில் ஒட்டியிருந்த சட்டை காய்ந்திருப்பதைக் கவனித்தேன். வியர்வை நின்றுவிட்டது, நல்லது என்று நினைத்தேன். பிறகு அவர் இடது பக்கம் திரும்பி, யாருமில்லாத தண்ணீரைப் பார்த்து, "எலே தம்பி, கயிற விடாத. விடாத மக்கா, நான் வாறேன்" என்றார். கத்தவில்லை. பக்கத்தில் நிற்கிறவனிடம் பேசுவது போலத்தான் சொன்னார்.

எனக்குப் புரியவில்லை. அவர் மனைவிக்குப் புரிந்தது. தூக்குவாளியைக் கீழே போட்டுவிட்டுச் சேலையோடு சேற்றில் இறங்கினார். போய்ச் சேரும் முன்பே அவர் முட்டுக்குத்தி உட்கார்ந்து, செத்த மீன்களுக்கு நடுவே முன்னால் சாய்ந்தார். முகம் தண்ணீரில் படும் முன் மனைவி பிடித்துக்கொண்டார். நாலு பேர் சேர்ந்து தூக்கினோம். உடம்பு அடுப்பில் வைத்த கல்லைப் போலச் சுட்டது. ஆட்டோவில் ஆஸ்பத்திரி போகிற வழியெல்லாம் மனைவி தூக்குவாளியில் மிச்சமிருந்த கஞ்சித்தண்ணீரை அவர் நெஞ்சில் தெளித்துக்கொண்டே வந்தார். ஐஸ் வைத்தார்கள். இன்னும் அரை மணி நேரம் ஆகியிருந்தால் கொண்டுவந்திருக்கவே வேண்டாம் என்று டாக்டர் சொன்னார்.

தொட்டியில் விட்ட மீன்களும் தப்பவில்லை. வியாழன் மத்தியானம் தொட்டித் தண்ணீரும் சூடாகி அவையும் மிதந்தன. வாழைத்தோட்டத்தில் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடினோம். பெரிய வெள்ளி ஆராதனையில் ஜன்னல் வழியாக அந்த நாற்றம் வந்தது. எல்லாரும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி முழங்காலிட்டிருந்தோம்.

சனிக்கிழமை ஆட்கள் பாத்திரங்களோடு வந்தார்கள். வலை போடும் நாளை யாரும் மாற்றவில்லை. சேற்றுக்குள் வரால் மட்டும் உயிரோடிருந்தது. அது மேலே வந்து காற்றைக் குடிக்கத் தெரிந்த மீன். கைவிட்டுத் துழாவிப் பிடித்தார்கள். பத்துப் பதினைந்து வீட்டுக்குக் கிடைத்தது. மற்றவர்கள் வெறும் பாத்திரத்தோடு படியேறினார்கள். பேச்சு அங்கேயே தொடங்கிவிட்டது. கடப்புறத்துக்காரனுக்கு நிற்கிற தண்ணீரைப் பற்றி என்ன தெரியும் என்று.

அடுத்த ஞாயிறு கமிட்டி. அவர் அப்போதும் ஆஸ்பத்திரியில். குளம் அவருக்குத் தொடர்வதா வேண்டாமா என்பதுதான் பேச்சு. நான் எழுந்து, "அவரு பெரிய சனிக்கு பதிமூணு நாளுக்கு முன்னாலயே சொன்னாரு. நாமதான் கேக்கல்ல" என்றேன்.

"எங்க எழுதியிருக்கு?" என்றான் தலைவன்.

"எழுதல்ல. ஆனா சொன்னாரு. நீயும் கேட்ட."

"என்னமோ சொன்னாரு. மீனு வாய் பொளக்குண்ணாரு. செத்துப்போவும்ணா சொன்னாரு?"

பின்வரிசையில் ஒருவர், அன்று சிரித்தவராகவும் இருக்கலாம், சொன்னார்: "அப்பிடி சொல்லியிருந்தா நோட்டுல இல்லாம போவுமா? சாரு தும்முனாலும் நேரம் எழுதுத ஆளாக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். கை தூக்கியபோது அவர் பக்கம் மூன்று கைகள். குளம் பெருங்கடவிளையிலிருந்து வரும் வேறொருவருக்குப் போனது. அந்த முடிவையும் நான்தான் எழுதினேன்.

இடவத்தில், வைகாசியில், முதல் மழை பெய்து நாலாவது நாள் அவர் மனைவி பம்பு ஷெட்டின் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டைக் காலி செய்துவிட்டார்களாம்.

"அவரு எங்க?"

"பொழியூருக்கு போயிருக்காரு சாரே. கூட்டுக்காரன் வள்ளத்துல ஒரு எடம் உண்டாம்."

"கை நடுங்குதே அவருக்கு. டாக்டரு வெயிலிலயே போவப்பிடாதுண்ணு சொன்னாரே."

"கயிறு பிடிக்க வேற ஆளு உண்டுண்ணு சொல்லுதாரு." மேஜையிலிருந்த நோட்டைப் பார்த்தார். "சாரே, அண்ணைக்கு இவரு சொன்னத இப்பம் எழுத முடியாதா?"

பழைய தேதியில் எழுத முடியாது என்று சொல்லி, அன்றைய தேதியிட்டு எழுதினேன். இன்ன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் குளம் பார்ப்பவர் மறுநாளே வலை போடக் கேட்டார், மீன் கைதட்டலுக்கு ஓடவில்லை என்றும் சொன்னார், கமிட்டி கேட்கவில்லை, எழுதுபவனும் எழுதவில்லை. அவர் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். பிறகு சாவியை மேஜையில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. குளம் ஒரு வாரத்தில் ஆறாம் படி, பிறகு நாலாம் படி. புதிய குஞ்சுகள் விட்டிருக்கிறார்கள். நான் இப்போது படி எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டிருக்கிறேன். கடலுக்குப் போக வேண்டாம் என்று போனில் எச்சரிக்கை வந்த நாட்களை அதில் குறிக்கிறேன். பெரும்பாலான நாள் வருகிறது. எச்சரிக்கை வந்தாலும் சிறு வள்ளங்கள் போகாமல் இருப்பதில்லை. அப்படிப்பட்ட நாட்களில் மத்தியானம் மூன்று மணிக்கு அவர் மனைவிக்குப் போன் செய்வேன். "வந்தாச்சு சாரே" என்பார். உடனே வைத்துவிடுவார்.

இன்று காலை தண்ணீர் இரண்டாம் படியில். கடலில் எச்சரிக்கை உண்டு. மணி இரண்டே முக்கால் ஆகிறது.